சின்ன பேட்டரி

2024 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, கயத்தாற்றைத் தாண்டிக் கோவில்பட்டியை நோக்கிச் செல்லும் நாற்கரச் சாலையில், வாங்கி எட்டு மாதமே ஆகியிருந்த என் மின்சாரக் கார் நின்றுபோயிற்று. நின்றுபோயிற்று என்று எழுதும்போதே அந்தச் சொல் பொருந்தவில்லை என்று படுகிறது. பெட்ரோல் வண்டி நிற்பதற்கு முன் ஏதேனும் சொல்லும். இருமும், குலுங்கும், புகையும். இது ஒன்றும் சொல்லவில்லை. மின் அமைப்பைச் சோதிக்கும்படி திரையில் ஒரு வரி வந்தது. அதை வாசித்து முடிப்பதற்குள் வேகம் குறையத் தொடங்கியது. எப்படியோ சாலையோரத்துக்கு ஒதுக்கிவிட்டேன். ஒதுக்கிய சற்று நேரத்தில் திரையும் அணைந்தது. பெரிய பேட்டரியில் அறுபத்தெட்டு விழுக்காடு மின்சாரம் இருப்பதாக அது கடைசியாகக் காட்டியிருந்தது.

பக்கத்து இருக்கையில் அப்பா. அவருக்கு இரண்டு கண்களிலும் கிளாக்கோமா. மதுரையில் பதினொரு மணிக்குப் பார்வைப் பரப்பைச் சோதிக்கும் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருந்தோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய அந்தச் சோதனையை, என் தேர்வுத்தாள் திருத்தும் பணியும் வேறு சில சோம்பல்களும் சேர்ந்து, பத்து மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் அன்று காலை ஏழு மணிக்கே திருநெல்வேலியிலிருந்து புறப்பட்டது.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இது வசைக் கட்டுரையாகிவிடும். என் அக்கறை வேறு. (தமிழ்த் துறையில் பணிபுரிபவன் மகிழுந்து என்று எழுதாமல் கார் என்று எழுதுகிறானே என்று எண்ணும் நண்பர்களுக்கு: அன்றைய காலைக்குப் பிறகு அந்தச் சொல்லை என்னால் எழுத முடியவில்லை.)

அப்பா கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, முப்பத்தோரு ஆண்டுகள் பேருந்துகளின் வயர்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஹாரன், முகப்பு விளக்கு இவைதாம் அவருடைய உலகம். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டு வாசலில் பேட்டரித் தண்ணீர்க் குப்பிகள் வரிசையாக இருக்கும். அமிலம் பட்டு ஓட்டை விழுந்த காக்கிச் சட்டைகளை அம்மா ஒட்டுப் போட்டுத் தைப்பார். 2005இல் அவர் தம் சேமிப்பில் 1997ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஒரு மாருதி 800ஐப் பழைய வண்டியாக வாங்கினார். அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள், ஞாயிறுதோறும் அதன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாவது நிற்பார். பல ஞாயிறுகளில் அந்த வண்டிக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

அந்த மாருதியைத்தான் 2024 ஜனவரியில் முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மாற்றுச் சலுகையில் கொடுத்துவிட்டுப் புதிய மின்சாரக் காரை எடுத்தேன். பெட்ரோல் செலவு, சுற்றுச்சூழல், பிள்ளைகளின் ஆசை என்று பல காரணங்களைச் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் "செய்யி" என்று மட்டும் சொன்னார். புது வண்டி வந்த அன்று அதன் முன்னால் போய் நின்று பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கறுப்பு மூடிகள், ஆரஞ்சு நிறத் தடித்த வயர்கள், தொடாதே என்னும் எச்சரிக்கைப் படங்கள். "சத்தமும் இல்ல, தொடவும் கூடாது. இதுகிட்ட என்னத்தக் கேக்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

சாலையோரத்தில் நின்ற வண்டிக்குள் முதலில் நான்தான் பதறினேன். கண்ணாடி இறங்கவில்லை. கியரை நியூட்ரலுக்கு மாற்ற முடியவில்லை, அதனால் தள்ளவும் வழியில்லை. பின்னால் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. உதவி எண்ணுக்கு அழைத்தால், இழுவை வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வண்டியைத் தடவியபடியே முன்பக்கம் வந்தார்.

"என்னய்யா, ஒண்ணும் எரியலியா?"

"இல்லப்பா. சார்ஜ் எல்லாம் நெறைய இருக்கு. ஆனா செத்துக் கெடக்கு."

"சின்ன பேட்டரி எங்க இருக்கு?"

"எந்தச் சின்ன பேட்டரி?"

"பெருசு கெடக்கட்டும். முந்நூறு நானூறு வோல்ட்ட ஹாரனுக்கு விட்டா ஹாரன் என்னத்துக்கு ஆகும்? லைட்டுக்கும் கதவுக்கும் பன்னெண்டு வோல்ட்டு ஒண்ணு எங்கயாவது ஒளிச்சு வச்சிருப்பான். பாரு."

எட்டு மாதம் ஓட்டியவனுக்கு அது தெரியாது. வாகனக் கையேடு முந்நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. தொகை நூல்களுக்கு உரை சொல்பவனுக்கு அதைப் புரட்ட நேரம் வாய்க்கவில்லை. பானெட்டைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் மூடியை நீக்கியபோது அது இருந்தது. எந்தக் காரிலும் இருக்கக்கூடிய, சாதாரணமான, பழைய காலத்து ஈய அமில பேட்டரி.

அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மின்சாரக் காரின் அடியில் படுத்திருக்கும் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பெரிய பேட்டரி, வண்டி நிற்கும்போது மற்ற உறுப்புகளிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்டிருக்கும். பாதுகாப்புக்காகத்தான். அந்த இணைப்பை மூடுவதற்குப் பெரிய மின்காந்தச் சாவிகள் இருக்கின்றன. அவற்றை இயக்குவதும், அவற்றை இயக்கலாமா என்று தீர்மானிக்கும் கணினிகளை விழித்திருக்கச் செய்வதும் இந்தப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. இது செத்தால், அடியில் ஊருக்கே வெளிச்சம் தரும் மின்சாரம் இருந்தாலும் வண்டி வெறும் இரும்பு. பெட்ரோல் வண்டியில் இந்தச் சின்ன பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது டைனமோ. மின்சாரக் காரில் அந்த வேலையைச் செய்வது, பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தைப் பன்னிரண்டாகக் குறைத்துக் கொடுக்கும் ஒரு மின்னணுப் பெட்டி.

சாலையில் வாழைத்தார் ஏற்றிவந்த ஒரு குட்டியானையைக் கைகாட்டி நிறுத்தினேன். ஓட்டிவந்த இளைஞர் இறங்கிவந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கரண்ட் வண்டிக்குமா கரண்ட் போவும்?" என்றார். ஜம்பர் கேபிள் இருக்கிறதா என்று அப்பா கேட்டார். இல்லை, வீட்டு வயரிங்குக்கு வாங்கிய கொஞ்சம் வயர்தான் கிடந்தது. "அதுவே போதும். இதுல செல்ஃப் மோட்டார் கெடையாதுல்லா, ரொம்ப ஆம்பியர் இழுக்காது" என்றார் அப்பா.

அப்பாவுக்குப் பக்கவாட்டுப் பார்வை வெகுவாகக் குறைந்துவிட்டது. பேட்டரியின் மேல் அச்சிட்டிருந்த குறிகளை அவரால் வாசிக்க முடியவில்லை. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இரண்டு முனைகளையும் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்துப் பார்த்து, "இது பிளஸ்ஸு. கொஞ்சம் பருமனா இருக்கும்" என்றார். வயரின் முனைகளைப் பல்லால் உரித்தார். பிளஸ்ஸோடு பிளஸ். மைனஸை வண்டியின் உடம்பில் ஓர் இரும்பு போல்ட்டில். கால்மணி நேரம் காத்திருந்தபின், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தச் சொன்னார். வண்டியின் அடிவயிற்றிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. எட்டு மாதத்தில் அந்தச் சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. தினமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அப்பா தலையை ஆட்டி, "ரிலே" என்றார்.

திரை விழித்துக்கொண்டது. அறுபத்தெட்டு விழுக்காடு.

இதற்குப் பின் நடந்ததைச் சொல்வதற்கு முன், அந்த நாற்பத்தோரு நாட்களில் (வண்டி சேவை மையத்தில் அத்தனை நாள் கிடந்தது) நான் படித்தறிந்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டி மட்டும் சபிக்கப்பட்டது என்ற எண்ணம் அப்போதுதான் போயிற்று.

ஹூண்டாய், கியா ஆகிய நிறுவனங்களின் மின்சாரக் கார்களில் நான் மேலே சொன்ன அதே வேலையைச் செய்யும் பெட்டி பழுதுபட்டதை அந்த நிறுவனங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. (என் வண்டி அவர்களுடையதன்று.) 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஹூண்டாயும் அதன் ஜெனிசிஸ் பிரிவும் திரும்ப அழைத்த வண்டிகள் 98,878. அந்தப் பெட்டி பழுதானால் சின்ன பேட்டரிக்கு மின்சாரம் ஏறாது. ஓடும்போதே வண்டி வலுவிழந்து நிற்கும். மென்பொருளைப் புதுப்பித்தார்கள். அது போதவில்லை. அதே ஆண்டு நவம்பரில் இன்னும் அதிகமான வண்டிகளை மீண்டும் அழைத்தார்கள். சென்னையில் பூட்டப்பட்ட ஐயோனிக் 5 கார்களில் 1,744 வண்டிகளுக்கு 2024 ஜூனில் இந்தியாவிலும் அழைப்பு வந்தது. உலகத் தரமென்று பரிசுகள் பெற்ற கார்கள் அவை. உண்மையிலேயே நல்ல கார்கள் என்றுதான் ஓட்டியவர்கள் சொல்கிறார்கள். பெரிய மோட்டாரிலோ பெரிய பேட்டரியிலோ அல்ல, இடையில் நின்று இறக்கிக் கொடுக்கும் பெட்டியில்தான் குறை.

டொயோட்டாவின் கதையை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரித்ததற்காக வருந்தினேன். உழைப்புக்கும் நம்பகத்துக்கும் பெயர்பெற்ற அந்த நிறுவனம், பெருமளவில் விற்பதற்கென்று முதன்முதலாக உருவாக்கிய முழு மின்சாரக் கார் பிஇசட்4எக்ஸ். 2022 மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஜூன் மாதமே, அதுவரை செய்யப்பட்ட சுமார் 2,700 வண்டிகளையும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லித் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். காரணம் பேட்டரியன்று, மென்பொருளன்று. சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகள் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடக்கூடும் என்பது. வண்டி பூட்டத் தெரிந்த எந்தக் கிராமத்துத் தச்சரும் முதலில் பார்த்திருக்கக்கூடிய இடம் அது. அக்டோபர்வரை விற்பனை நின்றிருந்தது.

டெஸ்லாவின் கதை வேறு வகை. 2015இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் அந்நிறுவனத்தின் மாடல் எஸ் வகை ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு, நூற்றுக்கு நூற்று மூன்று மதிப்பெண் கொடுத்தது. (நூற்றுக்கு மேல் மதிப்பெண் போடுவது எப்படி என்று எங்கள் தேர்வாணையருக்கு யாரேனும் எழுதினால் நல்லது.) அதே ஆண்டு அக்டோபரில், வாங்கியவர்களின் அனுபவங்களைத் திரட்டிப் பார்த்துவிட்டு அதே இதழ் அதே காருக்கான பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. ஒரு நாள் ஓட்டிப் பார்த்தவரும் ஓராண்டு வைத்திருந்தவரும் கண்டவை வேறு வேறாக இருந்தன. அதன்பின் ஒரு நினைவகச் சில்லின் விவகாரம். நடுத் திரைக்குப் பின்னாலிருந்த எட்டு ஜிகாபைட் சில்லில் கார் ஓயாமல் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தது. அவ்வகைச் சில்லுகளில் ஓரிடத்தில் இத்தனை முறைதான் எழுதி அழிக்க முடியும் என்று வரம்பு உண்டு. ஐந்தாறு ஆண்டுகளில் தேய்ந்து போயிற்று. திரை அணைந்தால் பின்புறக் கேமராவும் முன் கண்ணாடிப் பனியை நீக்கும் வசதியும் போய்விடும். 2021 பிப்ரவரியில் ஏறத்தாழ 1,35,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அத்தகைய ஓர் உறுப்பு வண்டியின் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது பொருளாதார வகையில் இயலாதது என்பது நிறுவனத்தின் வாதமாக இருந்தது. இந்த வாதத்தைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதி எழுதியே தேய்ந்துபோன ஒரு பொருளின்மீது எழுத்துத் தொழிலில் இருப்பவனுக்குச் சற்று இரக்கம் வருவது இயல்பு. ஆனால், அதைக் காரின் நடுவில் வைத்தவர்கள்மீது வருவதில்லை.

இவையனைத்திலும் என்னை அச்சுறுத்தியது ஷெவர்லே போல்ட். பேட்டரியின் ஒவ்வோர் அறையிலும் இரு முனைத் தகடுகளும் ஒன்றையொன்று தொடாதிருக்க நடுவில் ஒரு மெல்லிய பிரிப்புத் தாள் இருக்கும். கொரிய நிறுவனமான எல்ஜி செய்துகொடுத்த அறைகளில் மிகச் சிலவற்றில் அந்தத் தாள் மடிந்திருந்தது. வேறு சிலவற்றில் எதிர்முனைத் தகட்டின் நாக்கு கிழிந்திருந்தது. இரண்டு பிழையும் ஒரே அறையில் அமைந்தால் தீ. நின்றுகொண்டிருந்த கார்கள் எரிந்தன. 2020 நவம்பரில் ஒரு பகுதியை அழைத்த ஜெனரல் மோட்டார்ஸ், 2021 ஆகஸ்டுக்குள் அதுவரை விற்ற அத்தனை போல்ட்டுகளையும், ஏறத்தாழ 1,40,000 வண்டிகளை, அழைக்க வேண்டியதாயிற்று. அதுவரைக்கும் உரிமையாளர்களுக்குத் தரப்பட்ட அறிவுரைகள்: தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள், ரொம்பவும் தீர்ந்துபோக விடாதீர்கள், இரவில் வீட்டுக்குள் வைத்து ஏற்றாதீர்கள், வண்டியை வெளியில் நிறுத்துங்கள். வீட்டில் உறங்கும் பிள்ளைகளையும் வாசலில் நிற்கும் காரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு எத்தனை பேர் அந்த மாதங்களைக் கழித்திருப்பார்கள். பின்னர் எல்ஜி 190 கோடி டாலர் வரை ஈடு தர ஒப்புக்கொண்டது. மடிந்த தாளின் விலை அது.

நமக்கும் அந்த அச்சம் அயலானதன்று. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில், புகையில் மூச்சடைத்துத் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த ஆண்டின் கோடையில் ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபின்தான் பேட்டரிச் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன.

புள்ளிவிவரங்களைத் துணைக்கழைக்க எனக்குத் தயக்கம் உண்டு. எனினும், 2024இல் அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் புதுக் கார் வாங்கியவர்களிடம் எடுத்த கணக்கில், நூறு பெட்ரோல், டீசல் கார்களுக்கு 180 குறைகள் என்றால், நூறு மின்சாரக் கார்களுக்கு 266. இதில் திரையில் பொத்தானைத் தேட வேண்டியிருக்கிறது என்பதும் ஒரு குறை, நடுவழியில் நிற்பதும் ஒரு குறை. அந்த எண்ணை அப்படியே நம்பி அஞ்ச வேண்டியதில்லை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2023இல் மின்சாரக் கார்களில் 79 விழுக்காடு கூடுதல் குறைகள் என்றது. அடுத்த ஆண்டே அது 42 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. மின்மோட்டாரில் அசையும் உறுப்புகள் மிகக் குறைவு. அது காலங்காலமாக மாவரைக்கும் இயந்திரத்திலும் கிணற்றடியிலும் உழைத்துத் தன்னை மெய்ப்பித்த பொருள். புதியது அதுவன்று. புதிய சட்டகம், புதிய மென்பொருள், சிலசமயம் புதிய நிறுவனம், எல்லாம் ஒரே நேரத்தில் புதிதாக இருப்பதுதான் சிக்கல். முதல் பதிப்பில் அச்சுப்பிழைகள் இருக்கும். ஆனால், முதல் பதிப்பை வாங்குபவன் பிழைத்திருத்தப் பட்டியலோடு நெடுஞ்சாலையில் நிற்பதில்லை.

இதில் ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1900இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட நாலாயிரத்துச் சொச்சம் கார்களில் 1,575 மின்சாரக் கார்கள். பெட்ரோல் கார்கள் 936தான். பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை ஒடியும். 1912இல் காடிலாக் காரில் சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. ஒரு பேட்டரியும் ஒரு சின்ன மோட்டாரும். மின்சாரக் காரின் தோல்விக்கு மலிவான பெட்ரோலும் ஃபோர்டின் விலைக்குறைப்பும் காரணங்கள் என்றாலும், அந்தச் சின்ன பேட்டரிக்கும் அதில் பங்குண்டு. நூறாண்டு கழித்துத் திரும்பி வந்த மின்சாரக் காரைக் கயத்தாற்றருகே நிறுத்தியதும் அதே சாதி பேட்டரிதான் என்பதை அப்பாவிடம் சொன்னேன். "அது பாவம், அதுக்குச் சோறு போடாதவன் பேர்ல தப்பு" என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்பது அன்றே தெரிந்துவிட்டது. குட்டியானைக்காரருக்கு நன்றி சொல்லி, அவர் மறுத்தும் கையில் பணத்தைத் திணித்துப் புறப்பட்டோம். அப்பா, காற்றுவிசிறியை அணைக்கச் சொன்னார், பாட்டை அணைக்கச் சொன்னார். "பெருசுலருந்து சிறுசுக்குக் கரண்ட் எறக்க ஒண்ணு இருக்கணும்லா. அதுதான் இதுக்கு டைனமோ. அது சூடானா நின்னுருது, ஆறினா வேல செய்யுதுன்னு நெனைக்கேன். மெதுவாப் போ." மெதுவாகப் போனேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு, வெயிலில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில். வழிநெடுக அவர் பேசிக்கொண்டே வந்தார். 1980களில் நாகர்கோவில் வழித்தடத்தில் டைனமோ போன பேருந்தை விளக்கில்லாமல், நிலவொளியில் ஆரல்வாய்மொழிவரை ஓட்டிவந்த ஓட்டுநரின் கதையை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். கோவில்பட்டி ஊருக்குள் நுழையும்போது அந்த வரி மீண்டும் திரையில் வந்தது. என் பழைய மாணவர் ஒருவரின் வீட்டு வாசலில் வண்டியைச் சேர்த்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

மூன்று வாரங்களுக்கு முன்பே அந்த எச்சரிக்கை ஒருமுறை வந்து, சேவை மையத்துக்குக் கொண்டுபோயிருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மென்பொருளைப் புதுப்பித்துவிட்டோம் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கொடுத்தனுப்பினார்கள். இப்போது எதற்கெடுத்தாலும் மென்பொருள்தான். முன்பு எங்கள் ஊர் மருத்துவர் ஒருவர் எந்த நோய்க்கும் முதலில் குடற்புழு மாத்திரை கொடுப்பார். அதில் குணமானவர்களும் இருந்தார்கள்.

மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி. கெஞ்சிக் கேட்டு மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆங்காங்கே சிறுசிறு வெளிச்சங்கள் தோன்றும். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொத்தானின் ஓசை கதவு வழியாகக் கேட்டது. நீண்ட இடைவெளிகள் இருந்தன. அந்த இடைவெளிகளில் வெளிச்சங்கள் வந்துகொண்டிருந்தன என்பது எனக்குத் தெரியும். பின்பு கொடுத்த தாளில், சென்ற முறை சாம்பலாக இருந்த இடங்கள் கறுத்திருந்தன. போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்ப்போம், இனி ஆறு மாதத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்றார் மருத்துவர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

உதிரி உறுப்பு வந்து வண்டி சீரானபோது அப்பாவும் உடன் வருவதாகச் சொன்னார். சேவை மையத்தின் வரவேற்பறையில் கண்ணாடிக்கு இந்தப்புறம்தான் நாம் உட்கார வேண்டும். அப்பா எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவருகே நின்று, கழற்றிய பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டார். உத்தரவாதக் காலத்தில் மாற்றிய உறுப்பை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், வாடிக்கையாளருக்குக் காட்டுவதில்லை என்றார் மேற்பார்வையாளர். அவர் நகர்ந்தபின், இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு தொழில்நுட்பர், "ஐயா, சும்மா ஒரு நிமிஷம்" என்று உள்ளே கூட்டிப்போய் அதை மேசைமீது வைத்தார். நாலு பக்கமும் மூடி முத்திரையிட்ட அலுமினியப் பெட்டி. அப்பா அதைத் தூக்கி எடை பார்த்தார். திருப்பினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "கருகின வாட இல்லியே. உள்ள என்ன போச்சு தம்பி?" என்றார். "எங்களுக்கும் தெரியாதுய்யா. தொறக்க விட மாட்டாங்க. முழுசா மாத்துறதுதான்" என்றார் அந்த இளைஞர். திறக்காமலே எப்படித் தொழில் கற்றுக்கொள்கிறீர்கள் என்று அப்பா கேட்கவில்லை. கேட்பார் என்று நினைத்தேன்.

புறநானூற்றில் அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடிய பாட்டொன்று வகுப்பில் ஆண்டுதோறும் வரும். மேடுபள்ளம் பார்த்து உப்பு வண்டி ஓட்டும் உமணர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டி வைத்துக்கொண்டு போவார்கள். சேம அச்சு என்று பெயர். அந்த ஆண்டு அதை நடத்தும்போது, இன்றைய மின்சாரக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி சக்கரம்கூட இல்லை, பஞ்சர் ஒட்டும் பசைக்குப்பிதான் தருகிறார்கள் என்று சொன்னேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, தூத்துக்குடியில் வரப்போகும் வியட்நாம் மின்சாரக் கார்த் தொழிற்சாலையில் தன் அண்ணன் வேலைக்கு முயன்றுகொண்டிருப்பதாகச் சொன்னான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. 2023இல் அந்த வின்ஃபாஸ்ட் நிறுவனம் அமெரிக்காவுக்கு அனுப்பிய முதல் 999 கார்களையும் திரை அணைந்துவிடும் குறைக்காகத் திரும்ப அழைத்த செய்தியை அப்போதுதான் படித்திருந்தேன். 2025 ஆகஸ்டில் அந்த ஆலை திறக்கப்பட்டபோது அவன் அண்ணனுக்கு வேலை கிடைத்ததா என்று தெரியவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அங்கேனும் பிள்ளைகளுக்குப் பெட்டியைத் திறந்து பார்க்க விடுவார்களானால் இன்னும் நல்லது.

வண்டி அதற்குப்பின் நிற்கவில்லை. அதை விற்கும் எண்ணமும் எனக்கில்லை. சத்தமில்லாமல் விடியற்காலையில் தாமிரபரணிக்கரைச் சாலையில் ஓட்டிப்போகும்போது, இதற்குத் திரும்பிப் போக முடியாது என்று தோன்றத்தான் செய்கிறது. டிக்கியில் ஜம்பர் கேபிள் ஒரு ஜதை கிடக்கிறது. அப்பா டவுனுக்குப் போய்த் தாமே தடவிப் பார்த்து வாங்கிவந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறக்கச் சொல்கிறார். எண்ணை நான் வாசித்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு புள்ளி ஆறு என்றால் மூடச் சொல்லிவிடுவார்.

பழைய மாருதியை அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் வாங்கியிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்துக்குள் அப்பா தம் கைப்பட எழுதிச் செருகிவைத்திருந்த எண்ணைப் பார்த்து ஒருநாள் அழைத்தார். இப்போது மாதத்துக்கு இரண்டு முறையாவது அழைக்கிறார். சென்ற ஐப்பசி மழையில், இரவு எட்டு மணிக்கு மேல், அப்பா திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

"சோக்கை முழுசா இழுக்காதிய. பாதி. பாதி இழுத்துட்டு ஒரு தடவ அடிங்க. ம். இப்பம் போன வண்டிப் பக்கத்துல கொண்டுபோங்க. கேக்கட்டும்."

பிறகு அவர் பேசவில்லை. நானும் எழுந்துபோய் வாசலில் நின்றேன்.